பிரெஞ்சு வினைச்சொல்லைப் பிரிக்க இரண்டு பேனா

'நூ பார்லோன்' என்றால் நாம் பேசுகிறோம். இதை எங்கே பிரிப்பீர்கள்? வாயைக் கேட்டால் பார்-லோன் என்று பிரிக்கும். பொருளைக் கேட்டால் பார்ல்-ஓன் என்று பிரியும்: பேசுவது 'பார்ல்', நாம் என்பது 'ஓன்'. நடுவில் இருக்கும் 'ல்' வாய்க்கு வலப்பக்கத்து ஆள், பொருளுக்கு இடப்பக்கத்து ஆள். பிரெஞ்சு வினையைப் பிரிப்பதில் வரும் குழப்பத்தில் முக்கால்வாசி இந்த 'ல்' விவகாரம்தான். இரண்டு வேலையையும் ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

அதனால் என்னிடம் படிக்க வருகிறவர்களை முதல் நாளே இரண்டு பேனா வாங்கிவரச் சொல்லிவிடுவேன். நீலம் அசைக்கு, சிவப்பு உறுப்புக்கு. ஒரே சொல்லை ஒரு வரி விட்டு இரண்டு முறை எழுத வேண்டும். மேல் வரியில் நீலக் கோடு மட்டும், கீழ் வரியில் சிவப்புக் கோடு மட்டும். ஒன்றின் மேல் ஒன்று போடக்கூடாது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை. 'படித்தான்' என்பதை அலகிட்டால் படித்-தான், நிரை நேர். அதையே பகுபத உறுப்பிலக்கணத்தில் படி+த்+த்+ஆன் என்று பிரிப்போம். அலகிடுகிறவர் விகுதியைத் தேடமாட்டார், உறுப்பைப் பிரிக்கிறவர் நேர் நிரை பார்க்கமாட்டார். அந்தப் பழக்கத்தை அப்படியே பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தால் போதும். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் ஆகிய ஆறுக்கும் பிரெஞ்சு வினையில் வேலை இருக்கிறது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பாடம் இப்படி இன்னொரு மொழியில் கைகொடுக்கும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டிலேயே ட்யூஷன் எடுக்கிறேன். வருகிறவர்கள் இரண்டு ரகம். மொழிப்பாடமாக பிரெஞ்சு எடுத்த ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகள் ஒரு ரகம். எழுத்துக்கூட்டு பிசகாது, ஆனால் வாயைத் திறந்தால் 'இல் பார்லென்ட்' என்று கடைசி எழுத்து வரை படிப்பார்கள். இன்னொரு ரகம் சொல்தா வீட்டுப் பிள்ளைகள். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு, பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கியவர்களைத்தான் ஊரில் சொல்தா என்பது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் காதில் விழுந்த பிரெஞ்சு. பேச்சு சுத்தமாக இருக்கும், எழுதச் சொன்னால் நான், நீ, அவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 'பார்ல்'. முதல் ரகம் நீலப் பேனாவில் தொடங்க வேண்டும், இரண்டாவது ரகம் சிவப்பில் தொடங்க வேண்டும். நீங்கள் எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். இங்கே பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டு தேவைப்படும் இடத்தில் ஈ-என்-டி என்று எழுத்தின் பெயரைச் சொல்வேன். வெறுமனே டி என்றால் டைகர் டி, மற்றதை டெல்லி டி என்றே சொல்லிவிடுகிறேன். நோட்டில் நீங்கள் பிரெஞ்சு எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நீலப் பேனா

முதலில் பென்சில் எடுத்து, ஒலிக்காத எழுத்துகளை அடியுங்கள். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள் ஆகிய நான்குக்கும் ஒலி ஒன்றுதான்: பார்ல். எழுத்தில் கடைசியில் ஈ, ஈ-எஸ், ஈ, ஈ-என்-டி என்று மாறுகிறது, வாயில் ஒன்றும் மாறுவதில்லை. 'அவர்கள்' வினையின் கடைசியில் வரும் ஈ-என்-டி ஒலிக்காது, பெயர்ச்சொல்லில் வந்தால் ஒலிக்கும். பிரெஞ்சுக்காரர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பழைய வாக்கியம் ஒன்று உண்டு, கன்னிமாடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன என்று. கன்னிமாடமும் அடைகாக்கின்றன என்பதும் பிரெஞ்சில் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி. மாடம் 'கூவான்', அடைகாப்பது 'கூவ்'. அடுத்தடுத்து வரும் இரண்டையும் சரியாகப் படித்துவிட்டால் இந்தப் பாடம் முடிந்தது.

அடித்த பிறகு காதில் விழும் உயிரொலிகளை எண்ணுங்கள். எத்தனை உயிரோ அத்தனை அசை. 'ஃபினிரா', அவன் முடிப்பான். மூன்று உயிர், மூன்று அசை. இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை மெய் இருந்தால் அது எப்போதும் வலப்பக்கம் போகும்: ஃபி-னி-ரா. பிரெஞ்சுக்கு உயிரில் முடியும் அசை என்றால் கொள்ளைப் பிரியம். மெய்யை இடப்பக்கம் விடவே மனசு வராது.

இரண்டு மெய் சேர்ந்து வந்தால் ஆளுக்கு ஒன்று: பார்-லோன், ரெஸ்-தோன். ஆனால் இரண்டாவது மெய் ல் அல்லது ர் ஆக இருந்து, முதல் மெய் ப், த், க், ஃப், வ் மாதிரி ஒன்றாக இருந்தால் பிரிக்காதீர்கள், ஜோடியாக வலப்பக்கம் அனுப்புங்கள். 'நாம் காட்டுகிறோம்' மோன்-த்ரோன். 'நாம் திறக்கிறோம்' ஊ-வ்ரோன். பார்லோனில் ர் முதலில் வந்து ல் பின்னால் வருகிறது, அதனால் அங்கே பிரிகிறது. வரிசை முக்கியம்.

எழுத்தில் இரட்டித்த மெய் வாயில் பெரும்பாலும் ஒன்றுதான். 'நாம் முடிக்கிறோம்' என்பதில் இரண்டு எஸ் இருக்கிறது, வாய் ஃபி-னி-ஸோன் என்றுதான் சொல்லும். அச்சில் வரி முடிவில் உடைக்க நேர்ந்தால் மட்டும் இரண்டு எஸ்ஸுக்கும் நடுவே கோடு போடுவார்கள். அது அச்சுக்கோப்பவர் கணக்கு, நீலப் பேனாவின் கணக்கு வேறு. இதற்கு ஒரு விலக்கு பின்னால் வருகிறது.

அடுத்தது மெலிந்த எ. நீலப் பேனாவில் மிகச் சுவையான இடம் இதுதான். 'நான் கொடுப்பேன்' என்பது எழுத்தில் தொ-னெ-ரே, மூன்று அசை. பேச்சில் நடு எ விழுந்து தொன்-ரே என்று இரண்டாகிவிடும். அப்படியானால் 'நான் பேசுவேன்' பார்-லெ-ரே என்பதிலும் எ விழுமா? விழாது. விழுந்தால் ர், ல், ர் என்று மூன்று மெய் முட்டிக்கொள்ளும், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். மொழியியலாளர் மொரீஸ் க்ரமோன் இதற்கு மூன்று மெய் விதி என்றே பெயர் வைத்தார். விழுந்தால் மூன்று மெய் சேரும் என்றால் எ நிற்கும், இல்லையென்றால் பேச்சில் போய்விடும். இந்த ஒரு விதியால் என் பிள்ளைகளின் உச்சரிப்பு திருந்துகிற அளவுக்கு வேறு எதனாலும் திருந்துவதில்லை.

'நாம் கொடுப்போமாக்கும்' என்கிற நிபந்தனை வடிவத்தில் தொ-னெ-ரியோன் என்று எ நிற்கிறது. பின்னால் ர் உடன் ய் ஒலியும் ஒட்டிக்கொண்டு வருவதுதான் காரணம். பிரான்சின் தெற்கே, மார்செய் பக்கத்தில், இந்த எ-யை யாரும் விழவிடுவதில்லை. 'பார்ல்' என்பதைக்கூட பார்-லெ என்று இரண்டு அசையாகச் சொல்வார்கள். பழைய செய்யுளிலும், அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால், அதை ஓர் அசையாகவே எண்ண வேண்டும். தேர்வுக்குப் படிக்கிறவர் முதலில் முழுசாகச் சொல்லிப் பழகி, அப்புறம் வேகம் வந்ததும் விழவிடலாம்.

ஐ-ஓ-என்-எஸ், ஐ-ஈ-இசட் என்ற முடிவுகளில் உள்ள ஐ தனி அசை இல்லை. 'நாம் பேசிக்கொண்டிருந்தோம்' பார்-லியோன், இரண்டே அசை. ஆனால் முன்னால் த்ர், ப்ல் போன்ற ஜோடி இருந்தால் அந்த ஐ தனியாக ஒலித்தே தீரும்: 'நாம் உள்ளே வந்துகொண்டிருந்தோம்' ஆன்-த்ரி-யோன், மூன்று. 'மறத்தல்' ஊ-ப்லி-யே, அதுவும் மூன்று.

கடைசியாக, நீலக் கோடு சொல் எல்லையை மதிக்காது. 'அவள் நேசிக்கிறாள்' எ-லெம் என்று ஒலிக்கும், 'எல்' என்ற சொல்லின் ல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்றால் இல்-ஸெம், அந்த ஸ் இசட் ஒலியோடு. தமிழில் 'பாலடை' என்று சேர்த்துச் சொல்லும்போது 'ல்' எங்கே போகிறதோ அங்கேதான் இங்கேயும் போகிறது. ஆகவே வினையை மட்டும் தனியே எழுதி அசை பிரிக்காதீர்கள், முன்னால் உள்ள நான், நீ, அவன் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

சிவப்புப் பேனா

நீலம் இடமிருந்து வலம் போகும். சிவப்பு வலமிருந்து இடம். கடைசியிலிருந்து தொடங்கி யார், எப்போது, என்ன செய்வது என்ற வரிசையில் வெட்டிக்கொண்டே வர வேண்டும். இங்கே ஒலிக்காத எழுத்துகளை அடிக்கக்கூடாது. நீலத்தில் அடித்ததெல்லாம் சிவப்பில் உயிரோடு வரும்.

முதல் வெட்டு விகுதி. பிரெஞ்சு விகுதிகளில் நம்பகமானவை நான்கு. நாம் என்றால் ஓ-என்-எஸ். நீங்கள் என்றால் ஈ-இசட். அவர்கள் என்றால் என்-டி. நீ என்றால் எஸ். 'நாம்' இந்த விதியை மீறுவது 'நூ சொம்' என்ற ஓர் இடத்தில்தான், நாம் இருக்கிறோம் என்பது. 'நீங்கள்' மீறுவது மூன்று இடத்தில்: இருக்கிறீர்கள் 'எத்', செய்கிறீர்கள் 'ஃபெத்', சொல்கிறீர்கள் 'தீத்'. கதைப் புத்தகம் போன்ற எழுத்து நடையில் வரும் இறந்தகாலத்துக்குத் தனி விகுதிகள் உண்டு, அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். 'உன்னால் முடியும்', 'நீ விரும்புகிறாய்' போன்ற சில 'நீ' வடிவங்களில் எஸ்ஸுக்குப் பதில் எக்ஸ் வரும், ஏவலில் எஸ் சில வினைகளில் விழும். 'நான்', 'அவன்' இரண்டுக்கும் உறுதியான அடையாளம் கிடையாது, காலத்துக்குத் தக்கபடி மாறும். ஆகவே ஒரு வினையைப் பழகும்போது 'நாம்' வடிவத்தில் தொடங்குங்கள். என்ன காரணத்தாலோ எல்லாப் புத்தகமும் 'நான்' வடிவத்தில்தான் தொடங்குகிறது. பிரிப்பதற்கு அதைவிட வழுக்கும் இடம் கிடையாது.

இரண்டாவது வெட்டு இடைநிலை. நிகழ்காலத்துக்கு இடைநிலை இல்லை. பகுதியும் விகுதியும் நேராக ஒட்டிக்கொள்ளும்: பார்ல்+ஓன். தொடர் இறந்தகாலத்துக்கு இடைநிலை ஏ-ஐ, நாம், நீங்கள் வரும்போது மட்டும் அது வெறும் ஐ ஆகச் சுருங்கும். எதிர்காலத்துக்கு ஆர். நிபந்தனைக்கு இரண்டும் சேர்ந்து, ஆர் முதலில், ஐ அல்லது ஏ-ஐ பின்னால்.

எதிர்கால ஆர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மறக்காது. லத்தீனில் 'கந்தாரே ஹபேயோ' என்றால் பாட வேண்டியிருக்கிறது எனக்கு, கிட்டத்தட்ட 'பாட இருக்கிறேன்'. 'பாட' என்ற எச்ச வடிவத்தோடு 'உடைத்தாயிருத்தல்' வினை ஒட்டி எதிர்காலம் ஆனது. எச்சத்தின் ஆர் இன்னும் அங்கேயே நிற்கிறது. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அந்த 'உடைத்தாயிருத்தல்' வினையின் நிகழ்கால வால்கள். தமிழிலும் 'பாட இருக்கிறேன்' என்றுதானே சொல்கிறோம், ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆர் ஒழுங்கு தவறிய வினைகளிலும் தவறாது. இருத்தல், போதல், செய்தல், பார்த்தல், அறிதல், இயலுதல் எதுவாக இருந்தாலும் எதிர்காலத்தில் விகுதிக்கு முன்னால் ஆர் வரும். ஆனால் ஆர் வந்ததெல்லாம் எதிர்காலம் இல்லை. 'மோன்-த்ரோன்' நிகழ்காலம், அங்கே ஆர் பகுதியின் சொத்து: மோந்த்ர்+ஓன். எதிர்காலம் 'மோன்-த்ரெ-ரோன்', மோந்த்ர்+எ+ர்+ஓன். ஆர் கேட்டவுடன் வெட்டாதீர்கள். அகராதியில் இருக்கும் எச்ச வடிவத்திலிருந்து கடைசி ஈ-ஆரைக் கழித்துப் பார்த்து, மிச்சத்தில் ஆர் இருந்தால் அது பகுதியுடையது.

அந்த நடு 'எ' என்ன? 'பேசுவோம்' பார்ல்+எ+ர்+ஓன். 'விற்போம்' வாந்த்+ர்+ஓன், அங்கே எ இல்லை. ஆகவே எ பகுதியும் இல்லை, காலமும் இல்லை, நடுவில் சும்மா நிற்கிறது. நம் கணக்கில் சாரியை. பிரெஞ்சு இலக்கணக்காரர்கள் வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள், நமக்கு நம் பெயரே வசதி.

மூன்றாவதாக மிஞ்சுவது பகுதி. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் பல வினைகளுக்குப் பகுதி இரண்டு உண்டு. ஒன்று நீளம், ஒன்று குட்டை. 'அவன் தூங்குகிறான்' தொர், 'அவர்கள் தூங்குகிறார்கள்' தொர்ம். 'அவன் விற்கிறான்' வான், 'அவர்கள்' வாந்த். 'அவன் முடிக்கிறான்' ஃபினி, 'அவர்கள்' ஃபினிஸ். ஒலிக்காத ஈ-என்-டி தான் ஒலிக்காமலே முன்னால் உள்ள மெய்யை ஒலிக்க வைத்துவிட்டுப் போகிறது. கேட்கும் தேர்வில் ஒருமையா பன்மையா என்று தெரியாமல் விழிக்கிறவர்களுக்கு இதுதான் குறிப்பு: இந்த வகை வினைகளில் கடைசியில் கூடுதலாக ஒரு மெய் கேட்டால் அவர்கள், கேட்காவிட்டால் அவன். 'பார்ல்' போன்ற ஈ-ஆர் வினைகளில் மட்டும் இது உதவாது.

முடித்தல் போன்ற வினைகளில் வரும் ஸ் எங்கே போக வேண்டும்? சிலர் ஃபின்+இஸ்+ஓன் என்று பிரிப்பார்கள், சிலர் ஃபினி+ஸ்+ஓன் என்பார்கள். நான் இரண்டாவது கட்சி. அவன் முடிக்கிறான், முடிப்பான், முடித்த எல்லாவற்றிலும் 'ஃபினி' முழுசாக நிற்கிறது. அதை எதற்கு நடுவில் வெட்ட வேண்டும்? தேர்வில் ஆசிரியர் எப்படிச் சொன்னாரோ அப்படி எழுதிவிடுங்கள், சண்டை போட வேண்டாம். தொர்மீர், ஃபினீர் இரண்டும் எச்சத்தில் ஐ-ஆர் என்றே முடியும், ஆனால் ஒன்றில் ஸ் வரும், ஒன்றில் வராது. 'நாம்' வடிவத்தைக் கேட்டால் தெரிந்துவிடும்: ஃபினிஸோன், தொர்மோன்.

சந்தியும் விகாரமும்

இதுவரை இரண்டு பேனாவையும் தனித்தனியாக வைத்திருந்தோம். இனி நீலத்தில் நடப்பது சிவப்பை மாற்றுகிற இடங்கள்.

'அஷ்தே' என்றால் வாங்குதல். 'நாம் வாங்குகிறோம்' அஷ்-தோன், நடு எ மெலிந்து விழுந்துவிடுகிறது. 'நான் வாங்குகிறேன்' அ-ஷெத், இப்போது எ பலமாகி, எழுத்தில் மேலே சாய்கோடு போட்டுக்கொள்கிறது. பகுதி ஏன் மாறுகிறது? பின்னால் உயிரோடு ஓர் அசை வந்தால் எ மெலியலாம். பின்னால் ஒலிக்காத ஈ-யோ இன்னொரு மெலிந்த எ-யோ வந்தால், இரண்டு மெலிந்தது பக்கத்தில் நிற்க முடியாது, முதலாவது பலமாகிவிடும். 'அப்லே', கூப்பிடுதல், இதே விதிக்குத்தான் கட்டுப்படுகிறது, சாய்கோட்டுக்குப் பதில் எல் எழுத்தை இரட்டித்துக்கொள்கிறது: அ-பெல். 'வ' என்று குறுகும் 'வா' போல இது பகுதி விகாரம். 1990 டிசம்பர் 6-ல் பிரெஞ்சு அரசிதழில் வந்த எழுத்துத் திருத்தம் இந்த வகை வினைகளுக்குச் சாய்கோடே போதும் என்றது, கூப்பிடுதல், எறிதல் இரண்டையும் அவற்றின் குடும்பத்தையும் மட்டும் பழையபடி இரட்டிக்க விட்டது. பழைய எழுத்தும் தப்பில்லை.

விரும்புதல், இயலுதல், குடித்தல், வருதல் போன்ற வினைகளில் நாம், நீங்கள் இரண்டுக்கும் ஒரு பகுதி, மற்றவற்றுக்கு வேறு பகுதி என்று இருக்கும். 'நாம் குடிக்கிறோம்' ப்யுவோன், 'அவர்கள்' புவாவ். லத்தீனில் அழுத்தம் பகுதியில் விழுந்த வடிவங்களில் உயிர் திரிந்தது, விகுதியில் விழுந்தவற்றில் பகுதி வேறு வழியில் போனது. அதற்கு மேல் விதி தேட வேண்டாம், இரண்டு பகுதியையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

சந்திக்கு என் ஆசை உதாரணம் டெல்லி டி. வருதல் 'வெனீர்', எதிர்காலம் 'வியேந்த்ரே'. விரும்புதல் 'வுல்வார்', எதிர்காலம் 'வூத்ரே'. எச்சத்தில் இல்லாத டெல்லி டி எங்கிருந்து குதித்தது? ந் உடனோ ல் உடனோ ர் நேராக மோதினால் நாக்கு தடுக்கும், நடுவில் ஓர் ஒலி தானே முளைக்கும். அதுதான் சந்தி. ஆகவே வியேன்+த்+ர்+ஏ என்று நான்காகப் பிரிக்க வேண்டும், த் யாருடையதும் இல்லை.

இது தெரிந்தால் தேர்வில் எல்லோரும் இடறும் ஒரு கல் விலகிவிடும். பயப்படுதல் 'க்ரேந்த்ர்', வரைதல் 'பேந்த்ர்', விற்றல் 'வாந்த்ர்'. மூன்றும் எச்சத்தில் ஒரே மாதிரி முடிகின்றன. ஆனால் 'அவன் விற்கிறான்' டெல்லி டியில் முடியும், 'அவன் பயப்படுகிறான்' டைகர் டியில் முடியும். விற்றலில் டெல்லி டி பகுதியின் சொந்த எழுத்து, 'நாம் வாந்தோன்' என்பதிலும் இருக்கிறது. பயப்படுதலில் அது சந்தியாக முளைத்தது, ர் போனதும் அதுவும் போகும்: 'நாம் க்ரெஞோன்'. இதை விதிவிலக்குப் பட்டியலாகப் படித்தவர்கள் ஒவ்வொரு தேர்விலும் மறக்கிறார்கள்.

உடம்படுமெய்யும் உண்டு. 'அவன் பேசுகிறானா' என்று திருப்பிப் போட்டால் பார்-லெ-தில். அந்த 'த்' இரண்டு உயிர் மோதாமல் இருக்க வந்தது, நாம் 'மணி அடித்தது' என்பதை மணியடித்தது என்று யகரம் போட்டு ஒட்டுகிற மாதிரி. எழுத்தில் இரண்டு பக்கமும் சிறுகோடு போட்டு, நான் யாருக்கும் சொந்தமில்லை என்று அதுவே சொல்லிக்கொள்கிறது. ஏவலில் விழுந்த எஸ், 'அங்கே போ' வா-ஸி என்று சொல்லும்போது திரும்பி வருவதும் இதே காரணத்துக்காக.

இனி இரட்டித்த மெய்க்குச் சொன்ன விலக்கு. ஓடுதல் 'கூரீர்'. 'நாம் ஓடுகிறோம்' கூ-ரோன், கூர்+ஓன். 'நாம் ஓடுவோம்' கூர்-ரோன், கூர்+ர்+ஓன். பகுதியின் ஆர் ஒன்று, எதிர்கால ஆர் ஒன்று, சாரியை எ நடுவில் இல்லை. இரண்டையும் நிறுத்திச் சொல்லாவிட்டால் காலமே மாறிவிடும். இறத்தல் வினையும் இப்படித்தான். நீலக் கோடும் சிவப்புக் கோடும் ஒரே இடத்தில் விழுகிற அபூர்வமான இடம் இது.

ஒரு சொல்லை முழுசாக

'நாம் வாங்குவோமாக்கும், காசு இருந்தால்' என்பதை எடுத்துக்கொள்வோம்: நூ அஷெதெரியோன்.

நீலம்: நூ-ஸ-ஷெ-தெ-ரியோன். 'நூ'வின் ஒலிக்காத எஸ் உயிருக்கு முன்னால் இசட் ஒலியாக உயிர்பெற்று வினையின் தலையில் ஏறிக்கொண்டது. ஷெ பலமானது, பின்னால் மெலிந்த தெ வருவதால். தெ விழாமல் நிற்கிறது, பின்னால் ரியோன் வருவதால். மொத்தம் ஐந்து அசை.

சிவப்பு, வலமிருந்து: ஓன் விகுதி, நாம். அதற்கு முன் ஐ, தொடர் இறந்தகால இடைநிலை. அதற்கு முன் ஆர், எதிர்கால இடைநிலை. இரண்டும் சேர்ந்து நிபந்தனை. அதற்கு முன் எ, சாரியை. மிச்சம் அஷெத், பகுதி, சாய்கோடு விகாரம். 'வந்தனன்' என்பதை வா(வ)+த்(ந்)+த்+அன்+அன் என்று பிரித்த கைக்கு இது என்ன பெரிய வேலை?

வெட்டவே கூடாத சொற்கள் சில உண்டு. நான் இருக்கிறேன், அவன் இருக்கிறான், என்னிடம் உண்டு, நான் போகிறேன் போன்றவை. பிரித்துப் பார்க்க ஆசையாக இருக்கும், பிரித்தால் ஒன்றும் கிடைக்காது. போதல் வினைக்குள் லத்தீன் வினைகள் பல குடியிருக்கின்றன. 'போகிறேன்' ஒரு வேரிலிருந்து, 'போவேன்' இன்னொரு வேரிலிருந்து. இவற்றைப் பகாப்பதம் போல முழுசாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்குச் சில சொற்கள். 'அவர்கள் விற்பார்களாக்கும்': நீலம் இல்-வாந்-த்ரெ, சிவப்பு வாந்த்+ர்+ஏ-ஐ+ஈ-என்-டி. 'அவர்கள் முடித்துக்கொண்டிருந்தார்கள்': நீலம் இல்-ஃபி-னி-ஸெ, சிவப்பு ஃபினி+எஸ்-எஸ்+ஏ-ஐ+ஈ-என்-டி. 'நாம் குடித்துக்கொண்டிருந்தோம்': நீலம் நூ-ப்யு-வியோன், சிவப்பு ப்யுவ்+ஐ+ஓன். 'நாம் பயந்துகொண்டிருந்தோம்' என்பதை எழுதும்போது கவனம். க்ரெஞோன் நிகழ்காலம், க்ரெஞியோன் இறந்தகாலம், காது இரண்டையும் பிரித்துச் சொல்லாது. சிவப்புப் பேனா மட்டும்தான் க்ரெஞ்+ஐ+ஓன் என்று நடுவில் ஓர் ஐ கேட்கும்.

கடைசியாக 'நாம் படித்துக்கொண்டிருந்தோம்'. எச்சம் 'எத்யுதியே'. ஈ-ஆரைக் கழித்தால் பகுதி ஏற்கெனவே ஐயில்தான் முடிகிறது. இடைநிலை ஐ, விகுதி ஓ-என்-எஸ். சேர்த்து எழுதினால் ஐ-ஐ-ஓ-என்-எஸ், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஐ. அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. முதல் ஐ படித்தலுடையது, இரண்டாவது காலத்துடையது, இரண்டும் இருந்தே ஆக வேண்டும்.